முதல் வண்டி மாத்திரை

ஜூன் 8, ஞாயிறு

அப்பா போய் நேற்றோடு முப்பது நாள். உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நினைவாக இருக்கட்டும் என்று பெரிய மாமா குடையையும் சின்ன மாமா கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். குடை புதிது, கடிகாரம் நன்றாக ஓடுகிறது. ஓடாத பொருள்களைப் பார்த்து யாருக்கும் நினைவு பொங்கவில்லை.

எங்களுக்கு மிஞ்சியது பிஸ்கட் டின். வீட்டின் மருந்துக் கிடங்கு அதுதான். மதியம் அதைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். இருமல் டானிக் நான்கு. அதில் ஒன்று நான் ஏழாம் வகுப்பில் இருமியபோது வாங்கியது. பதினான்கு வருடம் முன்பே காலாவதியான கண் சொட்டு மருந்து. மூடி தொலைந்த தீக்காயக் களிம்பு. பெயரே இல்லாத நான்கு ரோஸ் மாத்திரைகள். இவை எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அது நல்ல மாத்திரைட்டி. காய்ச்சலுக்கோ வயித்து வலிக்கோ, என்னமோ ஒண்ணுக்குக் கேக்கும்.”

பிறகு அப்பாவின் மருந்துகள். அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். ஓய்வு பெற்ற பிறகு அவர் நேரம் பார்த்து அனுப்புவதற்கு மாத்திரைகள் மட்டுமே இருந்தன. மூன்று பெரிய கண்ணாடிப் பாட்டில்களில் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தார்: முதல் வண்டி 7.40. மதிய வண்டி 1.10. கடைசி வண்டி 8.55. மருந்து வாங்கி வந்ததும் அம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்து அட்டைகளை மாத்திரை மாத்திரையாக வெட்டுவாள். ஒரு வேளைக்கு உள்ளதை ஒரு காகிதப் பொட்டலமாக மடித்து அந்தந்த வண்டியில் ஏற்றுவாள். மருந்தின் பெயர் ஒரு துண்டோடும், தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நிறம் தெரியும்.

சாவதற்கு ஆறு நாள் முன்னால்தான் அப்பா மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வந்திருந்தார். பிறகு ஒரு மதியத் தூக்கத்தில், எந்த அட்டவணையிலும் இல்லாத நேரத்தில் கிளம்பிவிட்டார்.

பதினாறாம் நாளே அவருடைய செருப்பு, மூக்குக்கண்ணாடியோடு மாத்திரைகளையும் மூட்டை கட்டி ஆற்றில் விட அம்மா ஏற்பாடு செய்தாள். நான்தான் தடுத்தேன். மருந்து ஆற்றில் கரைந்தால் மீன்களுக்கு என்ன ஆகும் என்று பத்து நிமிடம் விளக்கினேன்.

“மீனுக்குமா பிரஷர் வருது?” என்றாள் அம்மா.

முறையான வழி ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பேன், அதுவரை ஒரு மாத்திரைகூட இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அம்மா தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் பெரும்பாலும் காரியம் முடிந்த மாதிரி.

ஜூன் 10, செவ்வாய்

ஐசக் அண்ணாச்சியின் மருந்துக்கடை. அப்பாவுக்குப் பதினெட்டு வருடம் மருந்து கொடுத்தவர். சீட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார். தெருவில் பாதிப்பேர் அவரை டாக்டர் என்று நம்புகிறார்கள். மறுத்தால் அவர்கள் மனம் புண்படும் என்று அவரும் விட்டுவிட்டார்.

“காலாவதி ஆனது, மிச்சம் ஆனது எல்லாம் நீங்க திரும்ப எடுத்துக்கிடுவீங்களா அண்ணாச்சி?”

“கடையில காலாவதி ஆச்சுன்னா கம்பெனிக்காரன் எடுத்துக்கிடுவான் பாப்பா. வீட்டுல ஆச்சுன்னா அது வீட்டுக்காரன் பாடு. தேதி முடியாதது இருந்தா கொண்டா, பாப்போம்.”

“அதை என்ன செய்வீங்க?”

“விப்பேன்.”

“அண்ணாச்சி, செத்துப்போனவரோட மாத்திரை.”

“மாத்திரை சாகலல்லா?”

இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளிக்கூட கைடு போடுகிற பதிப்பகத்திலிருந்து எட்டாம் வகுப்பு அறிவியல் வந்திருக்கிறது, பிழை திருத்த. மூன்றாம் பாடம் நீர் மாசு. ஆற்றில் கலக்கும் கழிவுகள் பட்டியலில் மருந்து இல்லை. ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன். எடுத்துவிடுவார்கள்.

அம்மா சமையல்கட்டில் நின்றபடி சட்டியிலிருந்தே சாப்பிடுகிறாள். தட்டு போட்டு உட்காரச் சொன்னால் “இருக்கட்டும்” என்கிறாள். காரணம் எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடம் அவள் தனக்கென்று தட்டு எடுத்ததில்லை. அப்பா சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே, கழுவாமல், அவர் வைத்த மிச்சத்தில் தொடங்கி அதன்மேல் தனக்குப் போட்டுக்கொள்வாள். அவர் சப்பிப் போட்ட முருங்கைச் சக்கையை மட்டும் ஓரம் ஒதுக்குவாள். கல்லூரி முதல் வருடத்தில் இதை எதிர்த்து அவளிடம் ஒரு பிரசங்கம் செய்தேன். நான்கு புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு தட்டு கழுவுத வேலை மிச்சம்லா,” என்றாள். நான்கு புத்தகங்களிலும் இதற்கு மறுமொழி இல்லை.

இப்போது காலை ஏழு நாற்பதுக்கு அப்பாவின் டம்ளரில் வெந்நீர் எடுத்துக்கொண்டு பூஜை அறைக்குள் போகிறாள். டம்ளர் காலியாகத் திரும்பி வருகிறது. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது. ஆள் போனாலும் அட்டவணை ஓடுகிறது. நான் கேட்கவில்லை. மற்றவர் துக்கத்துக்குள் அழைக்காமல் போகக்கூடாது என்று எங்கோ வாசித்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

நகராட்சி அலுவலகம். கீழே இருந்தவர், “மருந்துன்னா சுகாதாரம், மாடிக்குப் போங்க,” என்றார். மாடியில் இருந்தவர், “குப்பைன்னா கீழ,” என்றார். நான் படியில் நின்றேன். சுவரில் ஒரு வண்ணப் படம்: பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, சிவப்புத் தொட்டி. சிவப்பின் கீழே ‘காலாவதியான மருந்துகள்’ என்று எழுதியிருந்தது. எனக்குக் கண்ணீர் வராத குறை.

“சார், இந்தச் சிவப்புத் தொட்டி எங்க இருக்கு?”

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். “அதுலதான்.”

கிளம்பும்போது பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டார். “தேதி முடியாத பிரஷர் மாத்திரை எதுவும் இருக்கா? எங்க மாமியாருக்கு.”

ஜூன் 18, புதன்

ஆற்றில் விட்டிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும் என்று அம்மா சொல்லிக் காட்டவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 23, திங்கள்

தெரு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். எல்லோர் வீட்டிலும் தேவையில்லாத மருந்து இருக்கும், சேர்த்துக் கொடுத்தால் மொத்தமாக ஒரு வழி பார்க்கலாம் என்று. எழுதி, திருத்தி, மறுபடி திருத்தி, ஒரு சந்திப்பிழைகூட இல்லாமல் போட்டேன். இருபத்திரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் காலை வணக்கம் சொன்னார். அப்போது மணி மாலை ஐந்து.

பிறகு ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள், கொடுக்க அல்ல, வாங்க. நான் மருந்து இலவசமாகத் தருவதாகப் பேச்சு பரவியிருக்கிறது. மூட்டு வலிக்கு இருவர், தூக்கத்துக்கு ஒருவர். நாய்க்குச் சொறி என்று ஒருவர் நாயையே கூட்டி வந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஞானசுந்தரி டீச்சர் மட்டும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். முப்பது வருடம் அறிவியல் நடத்தியவர். எனக்குப் பெருமையாக இருந்தது.

“இதை வச்சிக்க, மொழி. உங்கப்பா டின்னுல ஆன்டிபயாட்டிக் கிடந்தா மாத்திக்கிடுவோம். எனக்குத் தொண்டை கட்டுனா டாக்டர்ட்ட போகச் சடவா இருக்கு.”

“டீச்சர், நீங்களே பாடம் நடத்தியிருக்கீங்க. ஆன்டிபயாட்டிக்கை அப்படிக் கண்டபடி சாப்பிடக் கூடாதுன்னு.”

“நடத்துனது பிள்ளைகளுக்குட்டி.”

ஜூன் 29, ஞாயிறு

கருப்பட்டிப் பானை காலி. வைகாசியில் நிரப்பியது. காபிக்குப் போட்டால் தீபாவளி வரை வரும். அம்மா தின்கிறாள். பதினொரு மணி வாக்கில் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, உடைத்து உடைத்து வாயில் போடுவதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை.

“என்னம்மா இப்படி வேர்க்குது?”

“வெக்கைட்டி.”

வெளியே சாரல் காற்று கொடியில் கிடந்த துணியை அடுத்த வீட்டுக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கரண்டியை எடுக்கும்போது அவள் கை நடுங்கிச் சாம்பார் சிந்தியது. துக்கம் எப்படி உடம்பில் இறங்குகிறது என்று வாசித்த கட்டுரையை அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டாள். கசப்பை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு இனிப்பைத் தேடுகிறாள் என்று தோன்றியது. நல்ல வாக்கியம். இருக்கட்டும்.

ஜூலை 4, வெள்ளி

டீச்சர் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார்.

“மொழி, உங்கம்மா ஆளு வெளிறிக் கிடக்கா. எந்திரிக்கும்போது சுவரைப் பிடிக்கா. ஒருதரம் ரத்தம் பாரேன்.”

“துக்கம் டீச்சர்.”

“துக்கத்துக்கு ஏம்ட்டி கை நடுங்குது?”

அறிவியல் நடத்தியவர்களுக்கு மனதின் நுட்பம் பிடிபடாது.

ஜூலை 9, புதன்

வழி கிடைத்துவிட்டது. மருத்துவ இதழ் ஒன்றில். திரும்பப் பெற்றுக்கொள்ள ஆளில்லாத இடங்களில் செய்ய வேண்டியது: மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து, பொடிக்காமல், ஈரமான பழைய காபித்தூளோடோ மண்ணோடோ கலக்க வேண்டும். யாரும் எடுத்துத் தின்ன நினைக்காத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டியான கவரில் கட்டி, அபாயக் குப்பை என்று எழுதித் தனியாகக் கொடுக்க வேண்டும். அட்டையிலும் பாட்டிலிலும் உள்ள பெயர்களை அழித்துவிட வேண்டும். ஒருவரின் நோய் அவருடைய சொந்த விஷயம் அல்லவா. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது.

காலையில் குப்பை வண்டி மாரிக்கனி அக்காவிடம் கேட்டேன்.

“தனியாக் கட்டித் தந்தா நீங்க தனியாக் கொண்டு போவீங்களா அக்கா?”

“நீ கட்டித் தா, நான் தனியாத்தான் கொண்டு போவேன். அங்க போனப்பறம் அது என்ன ஆவுதுன்னு என்னையக் கேக்காத. ஆனா தனியாத் தந்தீகன்னா எங் கைக்காவது நல்லது.” உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. “நாலாம் வீட்டுல சர்க்கரை ஊசியை வாழப்பழத் தோலுக்குள்ள வச்சித் தந்தாவ. குத்தி மூணு மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டே கெடந்தேன். அவுக பெரிய படிப்பு படிச்சவுக. உன்னைய மாதிரி.”

ஜூலை 13, ஞாயிறு

டின்னையும் பாட்டில்களையும் எடுத்து வைத்தேன். மதிய வண்டி இருந்தது, கடைசி வண்டி இருந்தது. முதல் வண்டியைக் காணோம்.

“முதல் வண்டி பாட்டில் எங்கம்மா?”

“அதை அன்னைக்கே கழுவிக் கவுத்துட்டேன். சீரகம் போட்டு வைக்கப் பாட்டில் வேணும்லா.”

“உள்ள இருந்த மாத்திரையை எங்க கொட்டின?”

“ஆத்துலயா கொட்டுவேன்? நீதான் மீனுக்கு ஆகாதுன்னுட்டியே.”

எனக்குக் கோபம் வந்தது. கொல்லையில்தான் கொட்டியிருப்பாள். மண்ணின் நலனைப் பற்றிச் சிறிது பேசினேன். அம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சீரகம் பழைய டப்பாவில்தான் இருந்தது. அம்மா எதையும் உடனே செய்கிற ஆளில்லை.

ஜூலை 16, புதன்

செய்து முடித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மாத்திரையாக அமுக்கி எடுத்து, ஒரு வாரமாகச் சேர்த்த காபிச் சக்கையில் போட்டுப் பிசைந்தேன். டீச்சரின் பையும் அதில் போனது. அவருக்கு இன்னும் தெரியாது. துண்டு துண்டான உறைகளில் மிஞ்சியிருந்த எழுத்துகளையும், டானிக் பாட்டில்களின் பெயர்களையும் கறுப்பு மையால் அழித்தேன். பீரோவில் கிடந்த அப்பாவின் மருந்துச் சீட்டுகளைக் கிழித்துக் கரைத்தேன். இனி அவருக்கு என்னென்ன நோய் இருந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

கவரின் மேல் ‘அபாயம். மருந்துக் கழிவு’ என்று அச்செழுத்தில் எழுதினேன். மாரிக்கனி அக்கா அதை வண்டியின் முன்பக்கம் தனியாக மாட்டினாள். வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து ஏனோ அரை மணி நேரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். காபிச் சக்கை வாடை போக வேண்டுமே.

ஜூலை 17, வியாழன்

இந்தத் தெருவிலேயே ஒரு மாத்திரைகூட இல்லாத வீடு எங்கள் வீடு.

ஜூலை 22, செவ்வாய்

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. அப்பாவுக்காக அம்மா விரதம் இருக்கப்போகிறாள். காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் வாயில் எதுவும் படும், அதற்கு எப்படியும் ஒரு மணி ஆகும்.

“கருப்பட்டியாவது கொஞ்சம் வாயில போட்டுக்கம்மா. உனக்குத்தான் பதினொரு மணிக்குத் தள்ளாடுதே.”

“விரதத்துல என்னட்டி கருப்பட்டி? உங்கப்பா பாத்துக்கிட்டிருப்பாகள்லா.”

உயிரோடு இருக்கும்போது அவர் இவள் சாப்பிட்டாளா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

ஆஸ்பத்திரி. பத்தே முக்காலுக்கு அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டே சரிந்தாள். வேர்வையில் சேலை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “டிக்கெட் எடுத்தாச்சா?” என்றாள். டீச்சர்தான் ஆட்டோ பிடித்தார்.

இப்போது குளுக்கோஸ் ஏறுகிறது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பணியில் இருந்த டாக்டர் என் வயதுக்காரி. விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “முப்பத்தாறு. சுகர் இருக்கா இவங்களுக்கு?”

“இல்ல.”

“என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். எங்க வீட்டுல ஒரு மாத்திரைகூடக் கிடையாது. போன வாரம்தான் நானே எல்லாத்தையும் முறைப்படி அப்புறப்படுத்தினேன்.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அம்மா அந்தக் கட்டிலில் கிடக்கும்போது, நிமிர்ந்து நின்று, முறைப்படி என்ற சொல்லை அழுத்தி.

“சுகர் இல்லாதவங்களுக்குச் சும்மா இவ்வளவு இறங்காது. ஏதோ போயிருக்கு. என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாகணும். சிலது ஒரு நாள் பூரா உள்ள நின்னு மறுபடி மறுபடி இறக்கும். விட்டுட்டோம்னா ஆபத்து.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “மொழி, உங்கப்பா மாத்திரை முழுசும் உன் கைக்கு வந்துச்சா?”

ஏழு நாற்பது. வெந்நீர். காலியாகத் திரும்பும் டம்ளர்.

வீட்டுக்கு ஓடினேன். பூஜை அறையில், அப்பா படத்துக்குப் பின்னால் முதல் வண்டி நின்றது. முப்பத்தேழு பொட்டலம் மிச்சம். பிரித்தால், மூன்று நிறத்தில் மூன்று மாத்திரைகள், துண்டு உறைகளில். ஒன்றில் இரண்டு எழுத்து, இன்னொன்றில் பாதித் தேதி. முப்பத்தேழையும் பிரித்துக் கோத்துப் பார்க்க நேரமில்லை. பெயர் தெரியச் சீட்டு வேண்டும். சீட்டை நான் கரைத்துவிட்டேன். அட்டை வேண்டும். அதை அம்மா துண்டாக்கியிருந்தாள், மற்றத் துண்டுகளின் எழுத்தை நான் கறுப்பு மையால் அழித்துவிட்டேன். ஒரு நோயாளியின் அந்தரங்கத்தை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐசக் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அப்பாவின் காலை மாத்திரையை அம்மா சாப்பிட்டிருக்கிறாள், பெயர் வேண்டும் என்றேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“பதறாத பாப்பா. எழுதிக்க. காலைல சாப்பாட்டுக்கு முன்ன மூணு. சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, நீர் பிரிய ஒண்ணு. பேரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுதேன். போன வருசம்தான் சர்க்கரைக்கு அளவு கூட்டுனாங்க, அதையும் சேத்துச் சொல்லிரு.”

பதினெட்டு வருடத்துச் சீட்டு அவர் தலைக்குள் இருந்தது. அவரைப் பற்றி ஜூன் பத்தாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். நகைச்சுவையாகத்தான் இருக்கிறது.

இரவெல்லாம் ஒரு மணிக்கு ஒரு தடவை விரலைக் குத்தினார்கள். இரண்டு முறை மறுபடி இறங்கியது. மாத்திரை தெரியாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 26, சனி

அம்மா தெளிந்துவிட்டாள். முதலில் கேட்டது, காக்கைக்கு யார் சோறு வைத்தது என்று. யாரும் வைக்கவில்லை.

“ஏம்மா சாப்பிட்ட அதை?”

 “அவுக மிச்சம் வச்சதை என்னைக்காவது தூரப் போட்டுருக்கனா?” என்றாள்.

“அது சோறும்மா. இது மாத்திரை.”

“நீதானட்டி சொன்ன. ஆத்துல போடாதன்ன. யாருக்கும் குடுக்காதன்ன. குப்பையில போடாத, மண்ணுல போடாதன்ன. ஒரு மாத்திரை வீட்டை விட்டுப் போவக் கூடாதுன்ன. பொறவு எங்க போட? வாயிலதான் போடணும்.”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். நான் போர்வையின் ஓரத்தை மடிக்கத் தொடங்கினேன். அதுவே அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது போல. அவளே பேச்சை மாற்றினாள்.

“உடம்புக்கு நல்லதுக்குத்தான டாக்டர் அவுகளுக்குக் குடுத்தாரு. அவுகளுக்கு நல்லதுன்னா எனக்குக் கெடுதலா செய்யும்னு நெனச்சேன்.”

“பிறகு ஏன் முதல் வண்டி மட்டும்? மத்த ரெண்டையும் என்கிட்ட விட்டுட்ட.”

“ஒரு வண்டியே இந்தப் பாடு படுத்துது. மூணுலயும் ஏறவா?”

ஜூலை 27, ஞாயிறு

வீடு. முதல் வண்டியை இருவருமாகப் பிரித்தோம். நான் மாத்திரைகளை அமுக்கி எடுக்க, அம்மா காபிச் சக்கையில் பிசைந்தாள். அவள் கை இப்போது நடுங்கவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை அழிக்க நான் மை எடுத்தேன். அம்மா பாட்டிலை வாங்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்பாவின் கையெழுத்தைக் கிழியாமல் உரித்துப் படத்தின் கண்ணாடியில் ஒட்டினாள். பெயரை அழிக்க வேண்டும் என்று விதி. இதில் பெயர் இல்லை, நேரம் மட்டும்தான். விட்டுவிட்டேன்.

சீரகத்தை அந்தப் பாட்டிலில் போட்டுவிட்டாள்.

ஜூலை 28, திங்கள்

கவரை வாங்கிக்கொண்டு மாரிக்கனி அக்கா கேட்டாள். “போன தடவையே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்ன?”

“ஒரு வண்டி விட்டுப்போச்சு அக்கா.”

காலையில் நானே இட்லி அவித்தேன். ஏழு நாற்பதுக்கு அம்மா எழுந்தாள், டம்ளரைத் தேடினாள், பிறகு உட்கார்ந்தாள். நான் கழுவிய தட்டு ஒன்றை எடுத்து, நான்கு இட்லியும் சட்னியும் வைத்து அவள் முன்னால் வைத்தேன்.

“நீ தின்னுட்டியா?”

“நீ முதல்ல.”

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் தொடாத தட்டில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவள் போல. ஒரு இட்லியைத் தொட்டாள், விட்டாள், ஓரத்தில் இருந்ததை எடுத்தாள். மெதுவாக இரண்டரை சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். “இதுக்கு மேல முடியாதுட்டி,” என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனாள்.

தட்டில் ஒன்றரை இட்லி மிச்சம் இருந்தது. சமையல்கட்டில் அவள் தண்ணீர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. தட்டை என் பக்கம் இழுத்துச் சாப்பிட்டேன்.

சட்னியில் உப்பு கூடிவிட்டது. அவள் சொல்லவே இல்லை.